நூலகத் தந்தை சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன்

ஆகஸ்ட் 12ஆம் தேதி நம் நாட்டில் தேசிய நூலகர் தினம். அன்று கல்லூரி நூலகங்களில் ஒரு படத்துக்கு மாலை போடுவார்கள். முதல்வர் பத்து நிமிஷம் பேசுவார். மாணவர்களுக்கு இனிப்பு உண்டு. அந்தப் படத்தில் இருப்பவர் யார் என்று நாக்பூரிலோ போபாலிலோ கொல்கத்தாவிலோ நூலகத் துறையில் இருக்கும் எவரைக் கேட்டாலும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். நம் அன்பர்கள் வீட்டில் கேட்டால்தான் சற்று யோசிக்கிறார்கள். கணித மேதை ராமானுஜனையும் சர் சி.வி. ராமனையும் நம் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். சீர்காழியில் பிறந்து, காசி, தில்லி, பெங்களூர் என்று ஊர் ஊராகப் போய் நூலகங்களைச் சீர் செய்த ரங்கநாதனை ஏனோ விட்டுவிட்டோம். மத்திய இந்தியாவில் ஒரு கல்லூரி நூலகத்தை முப்பது வருஷத்துக்கு மேல் நிர்வகித்தவன் என்ற முறையில், அவர் போட்ட சோற்றைச் சாப்பிட்டவன் நான். அதனால் அவரைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை இருப்பதாக நினைக்கிறேன்.

சீர்காழியைத்தான் ஆங்கிலேயர்கள் ஷியாலி என்று எழுதினார்கள். அவர் பெயரின் முதல் எழுத்து அந்த ஊர்தான். ஷியாலி ராமாமிருத ரங்கநாதன் பிறந்தது 1892ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் தேதி. பதிவுகளில் 12 என்று ஏறிவிட்டது, அதுவே நிலைத்தும் விட்டது. தந்தை ராமாமிருதய்யர் சிறு நிலச்சுவான்தார். ஊரில் நாலு பேரைக் கூட்டி ராமாயணம் சொல்வார். முப்பது வயதிலேயே அவர் காலமானபோது ரங்கநாதனுக்கு வயது ஆறு. தாயார் சீதாலக்ஷ்மி அம்மாளும் உறவினர்களும் வளர்த்தார்கள். சீர்காழியில் சபாநாயக முதலியார் இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பதினைந்து வயதில், அந்தக் கால வழக்கப்படி, ருக்மிணியுடன் கல்யாணமும் ஆகிவிட்டது.

பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. அப்போது அது தாம்பரத்துக்குப் போகவில்லை, பாரிமுனைப் பக்கம் இருந்தது. 1913இல் பி.ஏ., 1916இல் கணிதத்தில் எம்.ஏ. அங்கே கணிதப் பேராசிரியராக இருந்த எட்வர்ட் ராஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர்தான் ரங்கநாதனுக்கு வாழ்நாள் குரு. நம்மவர்கள் ஆசார்யனிடம் வைக்கும் பக்தி எப்படியோ, அப்படித்தான் ராஸிடம் அவர் வைத்திருந்த பக்தியும். சிறு வயதிலிருந்து அவருக்குத் திக்குவாய். திக்குவாயோடு ஒருவர் ஆசிரியர் தொழிலுக்குப் போவதென்றால் அதற்கு மனோதிடம் வேண்டும். சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்று, 1917 முதல் மங்களூர், கோயம்புத்தூர், பிறகு சென்னை பிரசிடென்சி கல்லூரி என்று கணிதம் கற்பித்தார். நல்ல வாத்தியார் என்று பெயரும் எடுத்தார்.

1923இல் சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் பதவி ஒன்றை ஏற்படுத்தி விளம்பரம் செய்தது. சுமார் 900 பேர் விண்ணப்பித்தார்கள் என்று சொல்வார்கள். நூலகத்துக்கென்று படித்தவர் ஒருவர்கூட இல்லை. ரங்கநாதனுக்கும் ஒன்றும் தெரியாது. கல்லூரிச் சம்பளத்தைவிட நூலகர் சம்பளம் அதிகம், குடும்பமோ கஷ்டத்தில் இருந்தது, நண்பர்களும் தூண்டினார்கள். நேர்முகத் தேர்வுக்கு முன் பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் நூலகங்கள் பற்றிய கட்டுரையைப் படித்துக்கொண்டு போனார். வேலை கிடைத்துவிட்டது. 1924 ஜனவரியில் சேர்ந்தார்.

சேர்ந்த ஒரு வாரத்துக்குள் அவருக்கு மூச்சு முட்டியது. வகுப்பறையில் நூறு முகங்களைப் பார்த்துப் பழகியவரைக் கொண்டுபோய்ப் புத்தகக் குவியலுக்கு நடுவே தனியாக உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? படிக்க வருபவர் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். பிரசிடென்சி கல்லூரி முதல்வரிடம் போய்த் தன்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளுமாறு மன்றாடினார். முதல்வர் கெட்டிக்காரர். எப்படியும் பயிற்சிக்காக லண்டன் அனுப்பப் போகிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்கவில்லையென்றால் இடம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். இந்தியாவில் நூலகத் துறையின் தலையெழுத்து அன்றைக்கு அந்த அறையில் எழுதப்பட்டது என்பேன்.

லண்டனில் யுனிவர்சிட்டி காலேஜில் நூலகப் பள்ளி. அங்கே கற்பித்த பெர்விக் சேயர்ஸ் க்ராய்டன் ஊர் நூலகத்தின் தலைவரும்கூட. பாடத்தைவிட ஊரைச் சுற்றிப் பார்க்கச் சொன்னதுதான் அவர் செய்த பெரிய உபகாரம். ரங்கநாதன் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைப் பார்த்தார். தொழிலாளி, வீட்டுப் பெண்மணி, குழந்தை எல்லோரும் சகஜமாக உள்ளே நுழைவதையும், அலமாரிக்குப் பூட்டு இல்லாததையும், தானே புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்ப்பதையும் கண்டார். சென்னையில் தான் விட்டுவிட்டு வந்தது நூலகம் அல்ல, புத்தகக் கிடங்கு என்று அவருக்குப் புரிந்தது.

இன்னொன்றும் அங்கே நடந்தது. நூலகங்களில் புத்தகங்களைப் பாடவாரியாகப் பிரிக்க ட்யூயி என்ற அமெரிக்கர் 1876இல் ஒரு தசம முறை செய்திருந்தார். உலக அறிவையெல்லாம் முன்கூட்டியே பத்து, நூறு, ஆயிரம் என்று அறைகளாகப் பிரித்துவிட்ட முறை. புதிதாக ஒரு விஷயம் வந்தால் ஏற்கெனவே இருக்கும் அறைக்குள் அதைத் திணிக்க வேண்டும். நம் தேசத்து தத்துவங்களும் பாஷைகளும் அந்த முறையில் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கும். கணிதம் படித்தவருக்கு இது உறுத்தியது. ஒருநாள் லண்டன் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள். சில இரும்புப் பட்டைகள், திருகுகள். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டி வண்டி, பாலம், கிரேன் என்று எது வேண்டுமானாலும் செய்யலாம். ரங்கநாதனுக்கு வழி தெரிந்துவிட்டது. விஷயங்களுக்கு அறை கட்ட வேண்டாம். விஷயம் எந்தெந்த உறுப்புகளால் ஆனது என்று பிரித்து, உறுப்புக்கு உறுப்பு ஒரு எண் கொடுத்து, தேவைப்படும்போது பூட்டிக்கொள்ளலாம். நுரையீரல் காசநோய்க்கு இந்தியாவில் எக்ஸ்ரே மூலம் சிகிச்சை என்று ஒரு புத்தகம் வந்தால், வைத்தியம், நுரையீரல், காசநோய், சிகிச்சை, எக்ஸ்ரே, இந்தியா என்று கோத்துவிடலாம். கோக்கும் திருகுக்குப் பதிலாக முக்காற்புள்ளி. அதனால் அதற்கு கோலன் பகுப்பு முறை என்று பெயர். 1925இல் ஊர் திரும்பும்போது கப்பலில் இருந்த நூலகத்துப் புத்தகங்களையே இந்த முறையில் பிரித்துப் பரீட்சை பார்த்துக்கொண்டு வந்தார். பிரசிடென்சி கல்லூரிக்கு அவர் திரும்பிப் போகவில்லை.

சென்னை வந்ததும் முதல் காரியமாக அலமாரிகளைத் திறந்துவிட்டார். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த கல்லூரியில் (பெயர் வேண்டாம்) நூலகம் இரண்டாவது மாடியில் கோடியில் இருந்தது. கம்பிவலைக் கதவு போட்ட அலமாரிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு. சாவிகள் எல்லாம் ஒரு பலகையில் ஆணியில் தொங்கும். மாணவன் சீட்டு எழுதிக் கொடுத்தால் பியூன் போய்த் தேடிப் பார்த்துவிட்டு வருவார். பாதி நேரம் இல்லை என்பார். ஏன் இப்படி என்றால், வருஷா வருஷம் ஸ்டாக் எடுப்பு. காணாமல் போன புத்தகத்துக்கு நூலகர் பொறுப்பு, விலையைச் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம். எனக்கு முன் இருந்தவருக்கு அப்படிப் பிடித்தே விட்டார்கள். பெண் கல்யாணத்துக்குப் பணம் சேர்க்க வேண்டிய மனுஷன் யாரோ ஒரு பையன் எடுத்துப் போன வேதியியல் புத்தகத்துக்குத் தவணை கட்டினால், அடுத்த நாளிலிருந்து அவர் எதைச் செய்வார்? பூட்டைத்தான் பலப்படுத்துவார். குற்றம் அவர் மேல் இல்லை.

ரங்கநாதனின் வாதம் கணிதக்காரரின் வாதம். திறந்து வைத்தால் சில புத்தகங்கள் போகும், உண்மைதான். பூட்டி வைத்தால் எடுத்துக் கொடுக்க ஆள் சம்பளம், வாசகனின் காத்திருப்பு, படிக்கப்படாமல் செல்லரித்துப்போகும் புத்தகங்கள், இவற்றின் செலவு என்ன? இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்கச் சொன்னார். சென்னையில் திறந்து வைத்துக் காட்டினார், புத்தகப் புழக்கம் பெருகியது. அவர் எழுதியதைத் தட்டச்சு செய்து எங்கள் நிர்வாகக் குழுவுக்கு நான் மூன்று தடவை கொடுத்தேன். நாலாவது தடவை ஒரு ஹாலுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2005இலும் பிறகு 2017இலும், ஆயிரம் புத்தகங்கள் புழங்கினால் வருஷத்துக்கு ஐந்து வரை இழப்பு நியாயமானதே என்று ஏற்றுக்கொள்கின்றன. நேர்மையின்மையோ அலட்சியமோ இல்லாத பட்சத்தில்தான். ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகமும் அரிய புத்தகமும் போனால் விசாரணை உண்டு. மற்றபடி நூலகர் தலை தப்பியது. இந்த மூன்று வரி விதிக்காக எத்தனை பேர் எத்தனை வருஷம் போராடினார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

மறுபடி அவர் கதைக்கு வருகிறேன். 1928 ஜனவரியில் சென்னை நூலகச் சங்கம் தொடங்கப்பட்டது. ரங்கநாதன் செயலாளர், 1945 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். திறந்த அலமாரி, நீண்ட நேரம் நூலகம், விடுமுறை நாளிலும் நூலகம் என்று எத்தனையோ செய்துகொண்டிருந்தாலும், இவற்றுக்கெல்லாம் அடிப்படை என்ன என்ற கேள்வி கணிதக்காரரை அரித்துக்கொண்டிருந்தது. சில அடிப்படை விதிகள் இருக்க வேண்டும், மற்றதெல்லாம் அதிலிருந்து வர வேண்டும். ஒருநாள் ராஸ் வந்திருந்தபோது தன் குழப்பத்தைச் சொன்னார். ராஸ் சிரித்துக்கொண்டே, புத்தகங்கள் உபயோகத்துக்காகவே என்பதுதானே உன் முதல் விதி என்ற பொருள்பட ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று இரவே மற்ற நான்கும் வந்துவிட்டன. ஒவ்வொரு வாசகனுக்கும் அவன் புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதன் வாசகன், வாசகனின் நேரத்தை மிச்சப்படுத்துதல், நூலகம் வளரும் உயிர் என்பது.

அந்த ஆண்டு நவம்பரில் ருக்மிணி திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் குளத்தில் நேர்ந்த விபத்தில் இறந்துபோனார். இருபத்தோரு வருஷ தாம்பத்யம். அடுத்த மாதமே சிதம்பரத்தில் நடந்த கல்வி மாநாட்டில் ரங்கநாதன் ஐந்து விதிகளையும் முதன்முதலாகப் பொது மேடையில் எடுத்துச் சொன்னார். அந்த இரண்டு மாதங்களைப் பற்றி நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். வேலைதான் அவருக்கு மருந்தாக இருந்ததா, அல்லது அவர் சுபாவமே அப்படியா, சொல்லத் தெரியவில்லை. 1929இல் சாரதாவை மணந்தார். அவருடைய கல்யாணத்தன்றுகூட மத்தியானம் நூலகத்துக்கு வந்துவிட்டார் என்று எங்கள் துறையில் ஒரு கதை உண்டு. சாரதா மாமிதான் பாவம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

ஐந்து விதிகள் 1931இல் ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தன. சர் பி.எஸ். சிவஸ்வாமி ஐயர் முன்னுரை எழுதினார், லண்டனிலிருந்து சேயர்ஸ் அறிமுகம் எழுதினார். விதிகள் ஐந்தும் சாதாரண வாக்கியங்கள், ஐந்தாம் வகுப்புப் பையனுக்கும் புரியும். ஆனால் அவற்றிலிருந்து அவர் எதையெல்லாம் வரவழைக்கிறார் என்று பாருங்கள். புத்தகம் உபயோகத்துக்கு என்றால், நூலகம் எல்லோரும் நடமாடும் இடத்தில் இருக்க வேண்டும், இரண்டாவது மாடிக் கோடியில் அல்ல. வாசகனுக்கு ஓய்வு இருக்கும் நேரத்தில் திறந்திருக்க வேண்டும், நூலகருக்கு வசதியான நேரத்தில் அல்ல. சராசரி உயரமுள்ளவர் கை எட்டும் உயரத்துக்கு மேல் அலமாரி கூடாது. உட்காருவதற்கு நாற்காலி நன்றாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நூலகத்தில் வேலை செய்பவர் வருபவரைச் சுமையாக நினைக்கக் கூடாது. வளரும் உயிர் என்ற ஐந்தாவது விதி கட்டடக் காண்டிராக்டருக்கும் பொருந்தும். இன்று இருக்கும் புத்தகத்துக்கு அளவெடுத்து ஹால் கட்டினால் பத்து வருஷத்தில் வராந்தாவில் அடுக்க வேண்டியதுதான். எங்கள் கல்லூரியில் நூலகத்தைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவந்து புதுப்பித்தபோது, கட்டடப் பிரிவு இன்ஜினீயரோடு நான் போட்ட சண்டையெல்லாம் இந்த ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு போட்ட சண்டைதான். பின்னாளில் இந்தியத் தரக் கழகத்தின் ஆவணத் துறைக் குழுவுக்கு அவரே தலைவராக இருந்து, நூலகக் கட்டடத்துக்கும் அலமாரிக்கும் மேஜைக்கும் தரம் வகுத்துக் கொடுத்தார். வாதம் எடுபடாத இடத்தில் தர எண்ணைக் காட்டினால் இன்ஜினீயர் வாயை மூடிக்கொள்வார்.

அந்தப் புத்தகம் வந்த ஆண்டே, 1931 அக்டோபரில், மன்னார்குடி வட்டாரத்தில் கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பத் தொடங்கினார். ரங்கநாதனின் இயக்கத்தில் பிறந்த யோசனைதான். 1929இல் சங்கம் தொடங்கிய நூலகர் பயிற்சி வகுப்பைப் பல்கலைக்கழகம் 1931இல் எடுத்துக்கொண்டது. கோலன் பகுப்பு முறை 1933இலும், பட்டியல் விதிகள் 1934இலும், நூலக நிர்வாகம் 1935இலும் புத்தகங்களாக வந்தன. 1936இல் சேப்பாக்கத்தில் கடற்கரையைப் பார்த்தபடி பல்கலைக்கழக நூலகத்துக்குச் சொந்தக் கட்டடம் திறக்கப்பட்டது. பள்ளி, கல்லூரி நூலகங்களுக்கென்றே 1942இல் தனியாக ஒரு புத்தகம் எழுதினார். அவர் எழுதும் ஆங்கிலம் வறட்சியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். உபநிஷத்தும் ராமாயணமும் நடுநடுவே வரும், விதிகள் மனுஷர்கள் மாதிரி ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

இருபத்தோரு வருஷத்துக்குப் பிறகு, 1945இல், முன்கூட்டியே ஓய்வு பெற்றார். இனிமேல் வீட்டில் உட்கார்ந்து ஆராய்ச்சி என்பது அவர் எண்ணம். காசி ஹிந்து பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக அப்போது இருந்தவர் டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன். அவர் விடவில்லை. அங்கே மதன் மோகன் மாளவியா பிரிட்டிஷ் மியூசியம் வாசக சாலையைப் பார்த்துவிட்டு வந்து, அதே மாதிரி வட்டமான பெரிய ஹாலோடு ஒரு நூலகம் கட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார். பரோடா மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த நன்கொடையில் 1941இல் கட்டடம் எழுந்தது. கட்டடம் அரண்மனைதான். உள்ளே சுமார் ஒரு லக்ஷம் புத்தகங்கள் ஒழுங்காகப் பிரிக்கப்படாமல் கிடந்தன.

ஐம்பத்து மூன்று வயதில் ரங்கநாதன் அதன் முன் உட்கார்ந்தார். ஒவ்வொரு புத்தகமாகக் கையில் எடுத்து, என்ன விஷயம் என்று பார்த்து, கோலன் எண் போட்டு வைத்தார். 1945 முதல் 1947 வரை, கிட்டத்தட்ட இரண்டே ஆண்டில், அந்த லக்ஷம் புத்தகங்களுக்கும் அவர் ஒருவரே எண் போட்டார். நடுவில் டிப்ளமா வகுப்பும் நடத்தினார். இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். ஒருநாள்கூட விடாமல் உட்கார்ந்தாலும் தினம் நூற்று முப்பது புத்தகத்துக்கு மேல் வருகிறது. நல்ல அனுபவமுள்ள நூலகர் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது புத்தகத்துக்கு எண் போட்டால் கை ஓய்ந்துவிடும், கண்ணும் போய்விடும். நான் செய்து பார்த்திருப்பதால் சொல்கிறேன். காசிக்குப் போகும் நம் அன்பர்கள் விஸ்வநாதரைத் தரிசித்துவிட்டுப் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளும் போவது வழக்கம். அந்த நூலகத்தின் வாசலிலும் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வரலாம்.

1947இல் தில்லிப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் சர் மாரிஸ் க்வையர் அழைக்க, தில்லி போனார். அங்கே நூலகவியலில் முதுகலைப் படிப்பும் ஆராய்ச்சிப் படிப்பும் அவர் முயற்சியில் வந்தன. 1948இல் தில்லிப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அதே 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது, சுதந்திர இந்தியாவில் முதலாவது. கல்வி அமைச்சர் டி.எஸ். அவினாசிலிங்கம் செட்டியார் கொண்டுவந்தார். அதற்கு நகல்கள் போட்டுப் பல வருஷம் அலைந்தவர் ரங்கநாதன். தமிழ்நாட்டில் சொந்த வீடு வைத்திருக்கும் அன்பர்கள் சொத்து வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் நூலக வரி என்று ஒன்று சேர்ந்திருக்கும். அது இந்தச் சட்டத்தின் வழி வந்தது. ரசீதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் பக்கத்துக் கிளை நூலகத்தில் உறுப்பினராகிவிட்டால் கணக்கு நேராகிவிடும். கர்நாடகத்தில் 1965இல் வந்த நூலகச் சட்டத்துக்குப் பின்னாலும் அவர் உழைப்பு இருந்தது.

1955 முதல் இரண்டு ஆண்டு ஸ்விட்சர்லாந்தில் ஸூரிக்கில் தங்கி எழுதினார். 1957இல் பத்மஸ்ரீ. பிறகு உஜ்ஜயினியில் விக்ரம் பல்கலைக்கழகம். அந்த 1957ஆம் ஆண்டில்தான் பல்கலைக்கழக மானியக் குழு அவர் தலைமையில் ஒரு நூலகக் குழு அமைத்தது. கல்லூரி நூலகங்களுக்கு அது பெரிய விஷயம். நூலகர் எழுத்தர் அல்ல, ஆசிரியருக்குச் சமமானவர், சம்பளமும் அப்படியே இருக்க வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. பரிந்துரை அறிக்கையிலிருந்து எங்கள் சம்பளப் பட்டியலுக்கு வந்து சேரப் பல வருஷம் ஆயிற்று, வந்தும் சில கல்லூரிகளில் நூலகரை ஆசிரியர் அறையில் உட்கார விடமாட்டார்கள். அது வேறு கதை.

ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும். இவ்வளவு உழைத்து உருவாக்கிய கோலன் முறையை இன்று இந்தியாவிலேயே பெரும்பாலான கல்லூரிகள் பின்பற்றுவதில்லை. ட்யூயிதான். காரணம் புரிந்துகொள்ள முடியாதது அல்ல. கோலன் எண்கள் நீளமாகப் போகும், புத்தகத்தின் முதுகில் ஒட்ட இடம் போதாது, பியூனுக்கு அடுக்கக் கற்றுக்கொடுப்பது கஷ்டம். பதிப்புக்குப் பதிப்பு அவர் முறையை மாற்றிக்கொண்டே போனார். மாற்றும் ஒவ்வொரு தடவையும் நூலகர் பழைய புத்தகங்களையெல்லாம் திரும்பத் தொட வேண்டும். அவருடைய சீடர்கள் கோபித்தாலும் சரி, நடைமுறையில் அது சின்னக் கல்லூரிக்குத் தாங்காது என்பதே என் அபிப்பிராயம். ஆனால் மெக்கானோ யோசனை தோற்கவில்லை. லண்டனில் பகுப்பு ஆராய்ச்சிக் குழு ஒன்று 1952 முதல் அதை எடுத்து வளர்த்தது. இன்று நம் பெண்கள் கைபேசியில் புடவை வாங்கும்போது நிறம், விலை, துணி, ஊர் என்று ஒவ்வொன்றாகத் தட்டிக் குறுக்கிக்கொண்டு வருகிறார்களே, ஒரு பொருளை அதன் பல முகங்களால் தேடும் அந்த வழியை நூலகத்துக்காக முதலில் ஒழுங்காக வகுத்தவர் அவர்.

கடைசிக் காலம் பெங்களூரில். 1962இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ், பேராசிரியர் மஹலநோபிஸின் ஆதரவில், ஆவண ஆராய்ச்சி பயிற்சி மையத்தை ஆரம்பித்தார். எழுபது வயதில் புதுப் பள்ளிக்கூடம்! பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 1964இல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியரானார், சர் சி.வி. ராமனும் சத்யேந்திரநாத் போஸும் வகித்த அதே பதவி. கணிதத்தை அவர் மறக்கவும் இல்லை. ராமானுஜனைப் பற்றித் தெரிந்தவர்களின் நினைவுகளைத் திரட்டி 1967இல் ஒரு புத்தகம் போட்டார். ராமானுஜனை மதிப்பவர்கள் வீட்டில் இருக்க வேண்டிய புத்தகம்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சம்பளம் அதிகம் என்பதற்காக நூலகத்துக்கு வந்தவர் அவர் என்று மேலே சொன்னேன். ஐம்பதுகளில், தன் வாழ்நாள் சேமிப்பான ஒரு லக்ஷம் ரூபாயை, சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்துவதற்காகக் கொடுத்துவிட்டார். அந்தக் காலத்து ஒரு லக்ஷம். பட்டணத்தில் வீடு வாங்கியிருக்கலாம். பதவிக்குத் தன் பெயரை மட்டும் வைக்காமல் சாரதா ரங்கநாதன் என்று மனைவி பெயரைச் சேர்த்து வைத்தார். பெங்களூரில் பிறகு ஏற்படுத்திய அறக்கட்டளைக்கும் சாரதா ரங்கநாதன் பெயர்தான். புத்தகங்களின் ராயல்டியும் அதற்கே போயிற்று. ஒரே பிள்ளை யோகேஸ்வர் பிற்காலத்தில் தந்தையின் வாழ்க்கையை விரிவாக எழுதினார். ஆங்கிலத்தில் 2001இல் வெளிவந்த அந்தப் புத்தகத்தில் வீட்டு மனுஷராக ரங்கநாதன் எப்படி இருந்தார் என்பதும் தெரிகிறது.

1972 செப்டம்பர் 27ஆம் தேதி பெங்களூரில் அவர் காலமானார். எண்பது முடிந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. சாரதா அம்மாள் 1985 வரை இருந்தார். அவர்கள் பெயரில் உள்ள அறக்கட்டளை நூலகவியல் பத்திரிகையைத் தொடர்ந்து வெளியிட்டு வந்தது. பெங்களூரில் இருக்கும் நம் அன்பர்கள் மைசூர் சாலைப் பக்கம் போனால், இந்தியப் புள்ளியியல் நிறுவன வளாகத்தில் அவர் தொடங்கிய மையத்தைக் காணலாம்.